எல்லாக் கழுத்துவலியும் சுமையால் வருவதன்று

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவாகி, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில், அரிசியும் வெல்லமும் மிளகாய் வற்றலும் இன்றைக்கும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறியே கடைக்குள் நுழைகின்றன. ஆகையால் அங்கே ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காரணத்தை எவரும் ஆராய்வதில்லை. மூட்டை தூக்குகிறவருக்கு மூட்டை, கல்லாவில் குனிந்திருப்பவருக்குக் கணக்குப் புத்தகம், இளைஞனுக்குக் கைப்பேசி என்று விடை ஆயத்தமாயிருக்கிறது. அந்த விடை பெரும்பாலும் மெய்யாகவே இருந்துவிடுவதுதான் இதிலுள்ள அபாயம். பலரிடம் சரியான ஒன்றை அடுத்தவரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சுமையைக் குற்றமற்றதென்று நான் சொல்ல வரவில்லை. சும்மாடு எத்தனை தடிப்பாயிருந்தாலும் தலைப்பாரம் முழுவதையும் தாங்குவது கழுத்தின் ஏழு எலும்புகளும் அவற்றிடையேயுள்ள தட்டுகளுமே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே ஓர் ஆண்மகன் தூக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று பரிந்துரைத்தது. 1978ஆம் ஆண்டில் சுமைத்தொழிலாளர் சட்டம் கண்ட கேரளத்திலோ 75 கிலோ என்றிருந்த வரம்பு அந்த 55க்கு இறங்கி வரப் பல்லாண்டுகள் ஆயின. சாலைத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, அத்தெருவின் எளிய மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவனைப் படித்தவர்களுக்கு இந்த மனிதர்கள் அந்நியரல்லர். அவர்களுடைய உபாதையைச் ‘சுமைதானே’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம் என்றே கருதுகிறேன்.

எக்ஸ்ரே படத்தில் ‘தேய்மானம்’ தெரிந்தால் வலியின் மூலம் அகப்பட்டுவிட்டது என்பது படித்தவர்களிடமும் வேரூன்றிய நம்பிக்கை. 2015இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், கழுத்தில் யாதொரு தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 88 சதவிகிதத்தினரிடம் தட்டுகள் பிதுங்கியிருக்கக் கண்டார்கள்; இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் அவ்வாறே இருந்தனர். நரை வருவது போலவே தேய்மானமும் வயதோடு வருகிறது. படத்தில் அது தென்பட்டதாலேயே வலியின் காரணமும் அதுதான் என்று தீர்மானித்து, வேறெதையும் தேடாமல் விடுவது பிழை.

வலிக்கும் இடமே நோயுற்ற இடம் என்பது இதனினும் பழைய நம்பிக்கை. இருதயத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் புறப்படும் நரம்புகள் தண்டுவடத்தில் நெருங்கிச் சேர்வதால், இருதயத்துக்கு இரத்தம் குறையும்போது மார்பில் ஒன்றும் தோன்றாமல் கழுத்திலும் தாடையிலும் இடது தோளிலும் மட்டும் வலி காணக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இவ்வாறு மாறுவேடமாக வருவது அதிகம். கவனிக்க வேண்டியது இது: தசைவலி கழுத்தைத் திருப்பும்போதும் நிமிர்த்தும்போதும் மாறும், இருதயவலியோ, கழுத்தை எப்படித் திருப்பினாலும் மாறாமல், படியேறும்போதும் பாரம் தூக்கும்போதும் எழுந்து, நின்று இளைப்பாறினால் தணியும். அப்படி வந்து போகும் வலிக்கு அன்றைக்கே வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் தணியாமல் வியர்வையோ மூச்சுத்திணறலோ கூடினால், தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

பித்தப்பை வீக்கமும் ஈரல் சீழ்க்கட்டியும் வலது தோளிலும் கழுத்தடியிலும் வலியாக வெளிப்படும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்தே இறங்குவதுதான் அதற்குக் காரணம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்தின் முன்புறம் நொந்து, வலி காது வரை ஏறினால் தைராய்டு அழற்சியை நினைக்க வேண்டும்.

எந்தக் கழுத்துவலிக்கும் முறிவெண்ணெயோ தன்வந்தரம் குழம்போ போதும் என்ற எண்ணம், 1889இலிருந்தே ஆயுர்வேதக் கல்லூரி நடந்துவரும் திருவனந்தபுரத்தில் இயல்பானதே. பிடித்துக்கொண்ட தசைக்கு இளஞ்சூட்டு எண்ணெய் சுகமளிப்பதை நானும் மறுக்கவில்லை. ஆயினும் கடுங்காய்ச்சலோடும் தலைவலியோடும் கழுத்து விறைத்து, மோவாய் மார்பைத் தொட மறுக்குமாயின் அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம். அமீபா மூளைக்காய்ச்சல் 2024இல் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே உயிர்ப்பலி கொண்டிருக்க, அங்கே ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. மாலைதோறும் லேசான காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத வலி ஆகியவை சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயையும், முன்பு புற்றுநோய் கண்டவரானால் அது எலும்புக்குப் பரவியதையும் சோதித்தாக வேண்டும். காசநோய்க்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

முடி வெட்டியபின் தலையை இரு கைகளாலும் பற்றி வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்தால் நரம்பு இளகும் என்ற நம்பிக்கையை மட்டும் வன்மையாகவே கண்டிக்க விரும்புகிறேன். அந்தத் திருகலில் மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. நெடுநாள் முடக்குவாதம் உள்ளவர்களுக்கோ மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பே தளர்ந்திருக்கக்கூடும். சொடக்கு எடுத்த பின்னரோ, காரணமின்றித் திடீரென்றோ, ஒரு பக்கக் கழுத்தில் இதுவரை அறியாத வலி எழுந்து, தலைசுற்றலோ பேச்சுக் குழறலோ ஓர் இமை சரிவதோ உடன் வந்தால், அது விடியும் வரை காத்திருக்கத்தக்க காரியமன்று.

வலி குறைந்துவிட்டால் ஆபத்தும் நீங்கிவிட்டது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஏமாற்றுவது. கழுத்தில் தண்டுவடம் அழுந்தும்போது பலருக்கு வலி சொற்பமாகவே இருக்கும், சிலருக்கு இருப்பதேயில்லை. அதற்குப் பதிலாக, நேற்று வரை நோட்டுக்கட்டைச் சரசரவென்று எண்ணிய விரல்கள் தடுமாறும், சட்டைப் பொத்தான் வசப்படாது, கையெழுத்து கோணும், காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமலே நாலடி நடந்துவிடுவோம், இருட்டில் நடை தள்ளாடும். இவற்றை முதுமையென்றோ சர்க்கரை வியாதியென்றோ சமாதானம் செய்துகொண்டு மாதங்களைக் கழிப்பவர் பலர். இந்நிலையில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை மெய்யாகவே அவசியம். மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையமும், 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால் அன்றே போக வேண்டும். அறுவைச் சிகிச்சையின் முதல் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் தடுப்பதே. தண்டுவடம் நெடுநாள் நசுங்கியிருந்துவிட்டால், போன வலு முழுவதும் திரும்புவது அரிது.