பேண்ட் 20 இருக்கா? ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் பாருங்க



இந்த வார எபிசோடுல வந்த எண்களைக் காதால் கேட்டு நினைவில் வைப்பது சிரமம். அதனால முக்கியமானதை இங்கே எழுத்தில் தருகிறோம். அக்டோபர் செமஸ்டருக்குப் போறவங்க போனோட பெட்டியைப் பக்கத்தில் வச்சுக்கிட்டுப் படிங்க.

நம்ம ஊர் 4ஜி போன் ஜெர்மனியில் ஓடுமா? ஓடும். எந்த இடம் வரைக்கும் ஓடும் என்பதுதான் கேள்வி. 4ஜி ஒரே அலைவரிசையில் வருவதில்லை. ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்களில் தருகிறது. அதாவது பேண்ட் 5, 3, 40. இதில் ஜெர்மனிக்கும் பொருந்துவது பேண்ட் 3 மட்டும்தான். அங்கே கிராமங்களைத் தாங்குவது 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 20. இந்தியாவில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அதனால இங்கே விற்கிற பல குறைந்த விலை போன்களில் அது இருக்காது. கடைக்காரரைக் கேட்டா "எல்லா நாட்லயும் ஓடும் சார்"னுதான் சொல்வார்!

இந்த 800க்கு ஒரு கதை இருக்கு. டிவி ஒளிபரப்பிலிருந்து விடுபட்ட அந்த அலைவரிசையை 2010 ஏப்ரல், மே மாதங்களில் மைன்ஸ் நகரில் ஏலம் விட்டாங்க. வாங்குறவங்களுக்கு ஒரு நிபந்தனை: முதலில் 5,000 பேருக்கும் குறைவா இருக்கிற ஊர்களுக்குக் கொடுக்கணும், நகரங்கள் அப்புறம்தான். கிராமத்துக்கு இதையே தேர்ந்தெடுக்க இயற்பியலும் ஒரு காரணம். 800இன் அலைநீளம் சுமார் 37 செ.மீ., 2600இன் அலைநீளம் சுமார் 11.5 செ.மீ. நீளமான அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். பெர்லினில் இருக்கிறவருக்கு பேண்ட் 20 இல்லாதது தெரியாமலே போகலாம். டெக்கன்டார்ஃப் மாதிரிச் சின்ன ஊரில், அடித்தள அறையில் தங்குறவருக்குத் தெரியும். பேண்ட் 8, அதாவது 900, இருந்தா கொஞ்சம் கைகொடுக்கும்.

பெட்டியிலோ கம்பெனி தளத்திலோ எல்டிஇ வரியில் 1, 3, 7, 8, 20, 28 இருக்கான்னு பாருங்க. மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்றுன்னு விற்கிறாங்க.

அடுத்தது வோல்ட்டி. ஜெர்மனியில் 3ஜி 2021லேயே மூடியாச்சு. அந்த நெட்வொர்க்கில் உங்க போனுக்கு வோல்ட்டி வேலை செய்யலைன்னா, பேசும்போது போன் 2ஜிக்கு இறங்கிடும். பேசிக்கிட்டே திரையின் மேலே பாருங்க: 4ஜி மறைஞ்சு 'ஈ' எழுத்து வந்தா இதுதான் விஷயம். அதையும் டெலிகாம் நிறுவனம் 2028 ஜூன் 30 அன்று நிறுத்தப் போவதாக அறிவிச்சிருக்கு. அதன்பின் அந்த போனில் வாட்ஸ்அப் ஓடும், ஆனா சாதாரண அழைப்பு போகாது. 112ஐ வாட்ஸ்அப்பில் கூப்பிட முடியாதே!

அவசர எண் 112 பற்றி இன்னொன்று: 2009 ஜூலையிலிருந்து ஜெர்மனியில் சிம் இல்லாத போனில் அது போகாது. 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்போர்ட் காட்டி அது முடியும் வரை இந்திய சிம்மைக் கழற்றிடாதீங்க. ரோமிங்கை இங்கேயே ஆன் பண்ணிட்டு விமானம் ஏறுங்க.