இதயத்தின் வலிமையும் அதன் சுமையும்

மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் கிறீன், 1847ஆம் ஆண்டில் இலங்கையிலே தமது பணியைத் தொடங்கிய இடம் எமது வட்டுக்கோட்டையாகும். அவர் காட்டிய வழியில், இதயத்தின் வலிமையை அளக்கும் முறை பற்றி யாமும் தமிழிற் சிறிது கூற விழைகின்றோம்.

இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் குருதியைக் கொள்ளும். ஒரு துடிப்பில் அதில் 70 மில்லிலீற்றரளவு பெருநாடியினுட் செல்லும். இவ்விகிதம், அதாவது 58 சதவீதம், வெளியேற்றப் பின்னம் எனப்படும். இதனையே பலர் இதயத்தின் வலிமையெனக் கொள்வர். அது முற்றும் பொருந்துமா?

எமது தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரத்தை நோக்குக. குழாயின் வாயை உயர்த்தினால் நீர் குறைகின்றது, தாழ்த்தினாற் பெருகுகின்றது. இயந்திரமோ மாறவில்லை. அவ்வாறே, குருதியமுக்கம் திடீரென உயர்ந்தாலும், பெருநாடி வால்வு மிக ஒடுங்கினாலும், வலிய இதயமும் குறைவாக வெளியேற்றக்கூடும். ஒடுங்கிய வால்வை மாற்றியபின் பின்னம் உயர்வதும் உண்டு. இதற்கு மாறாக, ஈரிதழ் வால்வு ஒழுகுமாயின், குருதியின் ஒரு பகுதி அமுக்கங் குறைந்த மேலறைக்கு எளிதிற் பின்செல்லும். தளர்ந்த இதயமும் வலியதுபோலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பிச் சத்திரசிகிச்சையைத் தாழ்த்தின் பெருந்தீங்கு விளையும்.

1973இல் சுகா, சகாவா முதலிய அறிஞர்கள் நாயின் இதயத்தை ஆராய்ந்து, சுருக்கத்தின் முடிவில் அமுக்கத்துக்கும் கனவளவுக்குமுள்ள தொடர்பு சுமையால் அதிகம் மாறுவதில்லை எனக் காட்டினர். ஆயின் நோயாளரில் அதனை அளத்தல் எளிதன்று. ஆதலின் வைத்தியம் பயிலச் செல்லும் எம் மாணவர், பின்னத்தோடு குருதியமுக்கத்தையும் வால்வுகளின் நிலையையும் சேர்த்தே நோக்குவாராக. சுமையை அறியாது வலிமையை மதித்தல் தகாது.