சாத்திர தானமும் முடிவுறாத ஆய்வேடுகளும்

சிராவகர் நாள்தோறும் ஆற்றத்தக்க கடமைகள் ஆறு. தேவ பூசை, குரு வழிபாடு, சாத்திரம் ஓதுதல், புலனடக்கம், தவம், தானம் என்பன அவை. அவற்றுள் இறுதியாக நிற்கும் தானம் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். சாத்திர தானம் என்றவுடன் நூலை அச்சிட்டு இலவசமாக வழங்குவதே நம் நினைவுக்கு வருகிறது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். நூல் முடிந்தபின் செய்யும் தானம் இது. நூல் முடிவதற்கு முன்னரே, அதனை ஆக்குவோரைத் தாங்கும் தானம் ஒன்றும் உண்டு. இக்கட்டுரை அதனைப் பற்றியது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகில் கழுகுமலை உள்ளது. அங்குப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளன. நூற்றை ஒட்டிய அக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் வெளிவந்துள்ளன. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. குணசாகர படாரர் முதலாகச் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர் பதின்மருக்கு உணவளிக்க நிலம் விடப்பெற்ற செய்தியை அது கூறுகிறது. கொடுத்தது ஆகாரம், விளைந்தது சாத்திரம். படித்து உரைக்கும் தொழில் இடையறாது நடைபெற வேண்டுமாயின், அதனைச் செய்வோர் அடுத்த வேளை உணவுக்கு அலைதல் ஆகாது என்பதை அந்நிலத்தை விட்டோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். இன்றைய மொழியில் இதனை ஆய்வு உதவித்தொகை என்போம்.

அதே மாவட்டத்தின் கடற்கரையில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்திற்கும் அருகில் சாகுபுரம் அமைந்துள்ளது. உப்பளங்களுக்கும் இரசாயனத் தொழிற்சாலைக்கும் பெயர்பெற்ற அவ்வூர் சாகு ஜைன் குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. ஊர்ப்பெயரில் நம் சமயத்தார் ஒருவர் பெயர் இருப்பதை அவ்வழியே திருச்செந்தூர் செல்லும் பலரும் கவனிப்பதில்லை. அக்குடும்பத்தைச் சேர்ந்த சாகு சாந்தி பிரசாத் ஜைன் 1944-இல் பாரதிய ஞானபீடத்தை நிறுவினார். அகிலனுக்கும் ஜெயகாந்தனுக்கும் பரிசளித்த நிறுவனம் என்றே தமிழர் அதனை அறிவர். ஆயின் பரிசு தோன்றுவதற்குப் பன்னாள் முன்னரே, அவர்தம் அன்னையார் பெயரால் அமைந்த மூர்த்திதேவி நூல்வரிசையில் அச்சேறாத ஜைன சாத்திரங்களைப் பதிப்பிப்பதே அதன் பணியாக இருந்தது. நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் சமயசார ஆங்கிலப் பதிப்பு 1950-இல் அங்கிருந்தே வெளிவந்தது. தமிழிலுள்ள ஜைன இலக்கியம் பற்றிய அவரது ஆங்கில நூலின் திருத்திய பதிப்பை 1974-இல் வெளியிட்டதும் அந்நிறுவனமே. தொழிலில் ஈட்டிய பொருள் ஏட்டுச்சுவடிக்கும் புலவர்க்கும் சென்ற வழி இது.

இனி இன்றைய நிலையைக் காண்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெறுவோர்க்கு, முதல் ஈராண்டு இளநிலை உதவித்தொகையும் பின்னர் முதுநிலை உதவித்தொகையுமாக மொத்தம் ஐந்து ஆண்டுகள் பொருள் கிடைக்கிறது. 2023 சனவரி முதல் அத்தொகை மாதம் 37,000 ரூபாய், 42,000 ரூபாய் என உயர்த்தப்பெற்றது. குறைவு என்று சொல்ல இயலாது. ஆயின் அக்குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குரிய காலம் ஆறு ஆண்டுகள் வரை. மறுபதிவு செய்தால் மேலும் ஈராண்டுகள். பெண்களுக்கு அதற்கு மேலும் ஈராண்டுச் சலுகை உண்டு. காலம் நீள்கிறது, பொருள் ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அத்தேர்வில் உதவித்தொகை பெறாது பதிவு செய்தோர் நிலை இன்னும் கடினமானது.

சிறுபான்மைச் சமயத்து ஆய்வாளர்க்கென 2009-இல் மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை தொடங்கப்பெற்றது. 2014 சனவரியில் ஜைனர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றபின் நம் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறந்தது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்ற காரணம் கூறி, 2022–23 முதல் அது நிறுத்தப்பெறுவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பெற்றது. முன்னரே தேர்வானோர்க்கு மட்டும் காலம் முடியும்வரை தொடரும் என்றாயிற்று. எட்டு ஆண்டுகளே நமக்குப் பயன்பட்ட கதவு அது.

சமய வாழ்வைப் பற்றிய ஆய்வில் இறுதி ஆண்டே செலவு மிக்கது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பெறும் பெண் ஆசான்கள் இடம்பெறுகின்றனர். அவர்தம் மாணாக்கர் பெயர்களும் உள்ளன. அவர்களைப் பற்றி ஒரு மாணவி ஆய்வேடு எழுதுவதாகக் கொள்வோம். முதல் நான்கு ஆண்டுகளில் அச்சான பாடத்தைக் கொண்டு இயல்களை எழுதிவிடலாம். முடிக்கும் தறுவாயில், ஒரு பெயரின் ஈற்றெழுத்து ஐயத்திற்கு இடமாகிறது. மைப்படியைப் பார்த்தாக வேண்டும். மலைக்கு மறுமுறை ஏறியாக வேண்டும். குமரி மாவட்டத்துத் திருச்சாரணத்து மலைக்கும் சென்று ஒப்பிட வேண்டும். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் சில கிழமைகள் தங்க வேண்டும். நெறியாளர் திருத்திய இயலை மீண்டும் எழுத வேண்டும். ஆய்வுச் சுருக்கம், தட்டச்சு, கட்டமைப்பு, சமர்ப்பிப்புக் கட்டணம் எனத் தொடரும். இவ்வேளையில் உதவித்தொகை நின்றால், அம்மாணவி தனியார் பள்ளி ஒன்றில் வேலைக்குச் செல்வாள். வீட்டில் திருமணப் பேச்சும் எழும். நான்கு இயல்கள் எழுதிய ஏடு பெட்டிக்குள் போகும். ஐயத்திற்கு இடமான அந்த ஈற்றெழுத்தைப் பற்றி அவள் அறிந்தது அவளோடு நின்றுவிடும்.

அமெரிக்க நாட்டில் இக்குறை நெடுநாள் முன்னரே உணரப்பெற்றது. சார்லட் நியூகோம்பு என்னும் அம்மையார் பெயரால் 1981-இல் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தப்பெற்றது. அதனை உட்ரோ வில்சன் அறக்கட்டளை நடத்தி வந்தது. அறநெறி, சமய விழுமியங்கள் பற்றிய ஆய்வேட்டின் இறுதி ஆண்டில் இருப்போர்க்கே அது உரியதாக இருந்தது. தொடங்குவோர்க்கு அதில் இடமிருக்கவில்லை. தேர்வுகளெல்லாம் முடித்து, எழுதி முடிப்பது ஒன்றே எஞ்சியிருப்போர், வேறு பணிக்குச் செல்லாது ஓராண்டு முழுதும் எழுதுவதற்கான பொருள் அது. விண்ணப்பிப்போர் எச்சமயத்தினர் என்று கேட்டதும் இல்லை.

இந்த இறுதிச் செய்தி நமக்கு மிகவும் வேண்டுவது. கும்பகோணத்து ஜைனப் பெருமக்கள் சீவக சிந்தாமணியின் சமயப் பொருளை விளக்கியது உ. வே. சாமிநாதையருக்கு, 1887-இல் அந்நூல் அச்சேறியதும் முன்னரே கையொப்பமிட்டுப் பொருள் உதவியோரால். சமணமும் தமிழும் எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமியும் நம் சமயத்தவர் அல்லர். ஆதலின் நம் குடிப்பிறந்தோர்க்கே உதவி என்று வரையறுத்தல் நமக்கே இழப்பு. முடிவில் தலையிடாமையும் அவ்வளவு இன்றியமையாதது. திருவள்ளுவர் சமணரே என்று நிறுவும் ஆய்வுக்குத்தான் பணம் என்று கூறுவோமாயின் அது தானம் ஆகாது, விலை ஆகும். நம் கருத்துக்கு மாறாக முடியும் ஏட்டிலும் நாம் அறியாத பத்துச் சான்றுகள் இருத்தல் கூடும்.

தொகை பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. மாதம் 15,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகும். பதினெட்டுக் குடும்பங்கள் பத்தாயிரம் வீதம் அளிப்பின் ஓர் ஆய்வேடு கரையேறும். ஒரு பஞ்சகல்யாணப் பெருவிழாவின் பந்தல் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பந்தல் வேண்டாம் என்பது அடியேன் கருத்தன்று. பதிவு செய்து நான்கு ஆண்டுகள் கடந்தோர், எழுதி முடித்த இயல்களையும் நெறியாளர் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு அனுப்பினால் போதும். அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுப்போர் கல்வெட்டும் இலக்கியமும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். பொருள் கொடுத்தோர் அக்குழுவில் இராமை நன்று. ஐந்தாம் ஆண்டு முடிவதற்கு ஆறு திங்கள் முன்னரே முடிவு தெரிவித்தல் வேண்டும். பணம் நின்றபின் வரும் உதவி, வேலைக்குப் போய்விட்டவரை மீட்டுக் கொணர்வதில்லை. தொகையில் பெரும்பகுதியை மாதந்தோறும் அளித்து, எஞ்சியதை ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிக்கப்பெற்ற அன்று அளிக்கலாம். வாய்மொழித் தேர்வு முடிந்தபின் ஏட்டின் படி ஒன்றை மேல்சித்தாமூர் மடத்திற்கும், மற்றொன்றை ஆய்வு நிகழ்ந்த ஊர் நூலகத்திற்கும் சேர்ப்பிக்குமாறு ஆய்வாளரைக் கேட்டுக்கொள்ளலாம்.