மெட்டபாலிசத்தை ஏற்றித் தருகிறேன் என்று சொல்லாதே

அன்புள்ள தங்கைக்கு,

உணவு ஆலோசகராக ஓ.பி.யில் உட்காரத் தொடங்கியிருக்கிறாய். "எனக்கு மெட்டபாலிசம் ரொம்ப ஸ்லோ மேடம், அதை ஏத்துறதுக்கு எந்த எண்ணெய் சாப்பிடணும்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய். காபியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குடிக்கிறவர்களும், சூரியகாந்தி எண்ணெய்தான் தன் தைராய்டைக் கெடுத்தது என்று நம்புகிறவர்களும் உன்னிடம் தினமும் வருகிறார்களாம். என் பதில் சின்னது: அந்த வேகத்தைக் கூட்டித் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகங்கள் ஆகியவற்றுக்கே போய்விடுகிறது. உடல் எடையில் அவை ஆறு சதவீதம்கூட இருக்காது. எந்த எண்ணெயை ஊற்றினாலும் இந்தக் கணக்கு பெரிதாக அசையாது. வயதும் நாம் நினைப்பதுபோல அதை அசைப்பதில்லை. 29 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயதினர் வரை 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் திரட்டிய ஆய்வு ஒன்று 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. உடலமைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை இந்த வீதம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது என்பதே அதன் முடிவு. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் திடீர்ச் சரிவு எதுவும் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டியதால்தான் குண்டாகிவிட்டேன் என்று தன்னையே நொந்துகொள்கிற பெண்ணிடம் இதைப் பொறுமையாகச் சொல்.

வேகத்தைக் கூட்டவே முடியாதா என்று கேட்பாய். முடியும், கூட்டியும் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி இளைத்துப்போனார்கள்; சிலர் காய்ச்சல் ஏறி இறந்தும் போனார்கள். 1933இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் அதையே எடை குறைக்கும் மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். அது வேலை செய்யும் விதத்தை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். உணவிலிருந்து வரும் ஆற்றலைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியா தன் உட்சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைச் சேர்த்துவைக்கிறது. அவை ஏ.டி.பி. தயாரிக்கும் நொதியின் வழியாகத் திரும்பும்போதுதான் நமக்குப் பயன்படும் ஆற்றல் கிடைக்கிறது. டைநைட்ரோபீனால் அந்தச் சவ்வில் கசிவை உண்டாக்கிவிடும். கொழுப்பு எரியும், ஆனால் ஏ.டி.பி. போதுமான அளவு உருவாகாது. எரிந்ததெல்லாம் வெப்பமாகப் போய்விடும். எடை குறைந்தது உண்மைதான். கூடவே கண்புரையும் வந்தது. உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிப் பலர் இறந்தார்கள். 1938இல் அமெரிக்கா அதைத் தடுத்தது. எரியும் வேகம் வேறு, ஆற்றல் கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சூரியகாந்தி எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். அதிலுள்ள நிறைவுறாக் கொழுப்புதான் உடலின் வேகத்தை அடக்குகிறது, அதை அடியோடு விட்டால் மெட்டபாலிசம் ஏறும் என்று சொல்கிறவர்கள் சான்றாக ஒரு பழைய ஆய்வைக் காட்டுவார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து, 1929இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எலிகளின் வளர்சிதை மாற்ற வீதம் உயர்ந்தது மெய். ஆனால் முழுக் கதையையும் படி. எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது. வளர்ச்சி நின்றது. சிறுநீரகம் கெட்டுச் சிறுநீரில் இரத்தம் வந்தது. கடைசியில் அவை இறந்தன. தண்ணீரை மட்டும் விடாமல் குடித்தன, ஆனால் குடித்த அளவுக்குச் சிறுநீர் போகவில்லை. அந்தத் தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. தோலில் ஈரம் தங்குவதற்கு லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலம் வேண்டும். அது இல்லாமல் தோல் ஒழுகியது, ஆவியாகும் நீர் வெப்பத்தையும் எடுத்துப்போனது. அந்த இழப்பை ஈடுகட்டவே எலியின் உடல் கூடுதலாக எரித்தது. அந்த உயர்ந்த வீதம் நோயின் அறிகுறி. லினோலிக் அமிலத்தை மிகச் சிறிய அளவில் திரும்பக் கொடுத்ததும் எலிகள் தேறின. சில கொழுப்புகள் நமக்கு இன்றியமையாதவை என்று உலகம் தெரிந்துகொண்டதே இந்த ஆய்விலிருந்துதான்.

நமக்கும் அது கொஞ்சம்தான் தேவை. ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயிலேயே சுமார் 4 கிராம் கிடைத்துவிடும். தேங்காய் எண்ணெயில் அது இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் உண்டு. ஆகவே யாரையும் ஒரே எண்ணெய்க்கு மாறச் சொல்லாதே. வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாறி மாறி இருக்கட்டும், அவியலுக்குத் தேங்காய் எண்ணெயும் இருக்கட்டும்.

காபியில் விடும் தேங்காய் எண்ணெய்க்கு ஆதாரமாகக் காட்டப்படுவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. எட்டு, பத்து கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ச் சீக்கிரம் எரிகின்றன. செலவைச் சற்றே கூட்டவும் செய்கின்றன. இது உண்மை. அவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கொடுத்த, சில வாரங்கள் நீண்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், எடையில் கிடைத்த லாபம் சராசரியாக அரை கிலோ. தேங்காய் எண்ணெயிலோ அவை ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகளின் வழியிலேயே இரத்தத்துக்குப் போகிறது, எல்.டி.எல். கொலஸ்ட்ராலையும் ஏற்றுகிறது. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி என்பதையும் அவர்களிடம் சொல். அதே கலோரி பருப்பாகவோ மீனாகவோ முட்டையாகவோ போனால் பசியும் அடங்கும். புரதத்தைச் செரித்துக் கையாளவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. கொழுப்புக்கு அது மூன்று சதவீதத்தைத் தாண்டாது.

இனி நீ எழுதிக்கொடுக்கும் டயட் சார்ட்டைப் பற்றி. உன் கையால் ஒருவரின் வேகம் குறையக்கூடும் என்பதால் இதைக் கவனமாகப் படி. அதே மின்னசோட்டாவில், 1944-45இல், ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு பட்டினிச் சோதனை நடத்தினார். 24 வாரம் அரைவயிறு. எடையில் கால்வாசி போனது. ஓய்வுநிலைச் செலவோ ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. உடல் திசு கரைந்ததுதான் அதில் பெரும்பங்கு, ஆனால் மிஞ்சிய உடலும் சிக்கனம் பிடித்தது. நாடி தளர்ந்தது, ஜூலை மாதத்திலும் போர்வை கேட்டார்கள். அதன் காரணத்தில் ஒரு பகுதி 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்த பிறகு விளங்கியது. கொழுப்புச் சேமிப்பு குறைந்தால் லெப்டின் குறையும், அதைப் பார்த்து மூளை தைராய்டின் டி3 ஹார்மோனை இறக்கும். 10 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு லெப்டினை ஊசியாக ஈடுசெய்தபோது டி3யும் செலவும் மறுபடி ஏறின. ஆகவே 800 கலோரி சார்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, குளிர்கிறது, முடி கொட்டுகிறது என்று திரும்பி வருகிறவரிடம் "நீங்க ஒழுங்கா ஃபாலோ பண்ணல" என்று சொல்லிவிடாதே. அவர் ஒழுங்காகப் பின்பற்றியதால்தான் அப்படி ஆகியிருக்கும்.

உண்மையிலேயே வேகம் குறைந்தவர்களும் உன் முன் வந்து உட்காருவார்கள். தைராய்டு சுரப்பு குன்றியவர்களின் நிலை நிஜமானது. அதற்கு மருந்தும் இருக்கிறது. அவர்களிடம் எண்ணெய் பற்றிக் கேட்பதற்கு முன் மாத்திரை பற்றிக் கேள். "எப்போது போடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் "காலையில்" என்று பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததிலிருந்து செய்வதை வரிசையாகச் சொல்லச் சொல். பல் தேய்த்து, பால் காய்ச்சி, ஃபில்டர் காபியோடு சேர்த்தே மாத்திரையை விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியமோ போடுகிறவர்கள் எத்தனையோ பேர். வெறும் வயிற்றில், தண்ணீரில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. இதைத் திருத்துவதால் கிடைக்கிற பலன் எந்த எண்ணெயிலும் கிடைக்காது.

மாத்திரையின் அளவு மருத்துவரின் பொறுப்பு, அதில் கை வைக்காதே. ஆனால் அளவு மாறினாலும், போடும் முறை மாறினாலும், இரத்தத்தில் ஹார்மோன் நிலை சமப்பட 6 முதல் 8 வாரம் ஆகும் என்பதைச் சொல்லி அனுப்பு. தைராய்டால் ஏறிய எடை பெரும்பாலும் உப்பும் நீரும்தான். சில கிலோக்களுக்கு மேல் அதன் கணக்கில் எழுத முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடு. இரண்டு வாரத்தில் வந்து "எடை இறங்கலையே மேடம்" என்றால் சார்ட்டை மாற்றாதே. அடுத்த டி.எஸ்.எச். பரிசோதனைக்கான தேதியை அவர் நோட்டில் எழுதிக்கொடு.

அன்புடன்,
அக்கா