அறுந்த தண்டுவடம் மீண்டும் இணையுமா?

கையில் வெட்டுப்பட்டால் சில நாள்களில் தோல் மூடிக்கொள்ளும். முதுகுத் தண்டுவட நரம்புகள் அறுந்தால் அவை தாமாக இணைவதில்லை. மூளையின் கட்டளை கால்களை எட்டாது.

அங்கே புதிய நரம்பணுக்களை வளர்க்க முடியுமா? 2006இல் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாக்கா, எலியின் தோல் உயிரணுக்களை ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களாக மாற்றிக் காட்டினார். குருத்தணு பலவகை உயிரணுக்களாக வளரக்கூடியது. மறு ஆண்டே மனித உயிரணுக்களிலும் அது கைகூடியது.

அத்தகைய குருத்தணுக்களிலிருந்து வளர்த்த நரம்பு முன்னோடி உயிரணுக்களை, கெய்யோ பல்கலைக்கழக மருத்துவர்கள் தண்டுவடக் காயமடைந்த நால்வருக்குச் செலுத்தினர். 2025இல் முடிவை அறிவித்தனர்: கடுமையான பக்கவிளைவு இல்லை, இருவர் தேறினர், அவர்களில் ஒருவரால் துணையின்றி நிற்க முடிந்தது.

இது வெற்றியா? பொறுங்கள். இந்த உயிரணுக்கள் இல்லாமலும் சிலர் ஓரளவு தேறுவதுண்டு. அவற்றைப் பெறாதவர்களோடும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.