முன்கணிக்கும் முன் மோட்டாரைப் பாருங்கள்

இன்டக்‌ஷன் மோட்டாரை மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல் முறையில் ஓட்டிப் பார்க்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, நெடுங்காலமாக இதே வேலையில் இருக்கும் ஒருவன் சொல்வது.

1. புரோகிராம் எழுத உட்காரும் முன் மோட்டாரை அளந்துவிடுங்கள். பெயர்ப்பலகை போதாது. டி.சி. கொடுத்து ஸ்டேட்டரின் மின்தடையைப் பாருங்கள். நோ லோடு டெஸ்ட், பிளாக்டு ரோட்டார் டெஸ்ட் இரண்டையும் செய்யுங்கள். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகச் செய்த அதே சோதனைகள்தான், ஆனால் இங்கே உங்கள் கணிப்பு முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. மோட்டார் சூடான பிறகு மறுபடி அளவெடுங்கள். செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் தொடங்கி 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ரோட்டாரில் இருக்கும் அலுமினியமும் ஏறக்குறைய அப்படியே. காலையில் சரியாக வந்த கணிப்பு மதியம் பிசகுவது இதனால்தான்.

2. முறையின் சாரம் சின்னது. மூன்று கால் இன்வெர்ட்டருக்கு 8 ஸ்விட்ச் நிலைகள் உண்டு. இரண்டு நிலைகள் பூஜ்ஜியத்தையே தருவதால் வெவ்வேறு மின்னழுத்தங்கள் 7. ஒவ்வொன்றையும் போட்டால் முறுக்குவிசையும் காந்தப் பாயமும் எங்கே போய் நிற்கும் என்று கணித்து, விலகல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சுற்றைக் காகிதத்தில் கையால் போட்டுப் பாருங்கள்.

3. தாமதத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு சுற்று 50 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தை அளந்து, ஏழு கணக்கையும் முடிப்பதற்குள் அந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்குள் மோட்டார் வேறு நிலைக்கு நகர்ந்திருக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட மின்னழுத்தத்தை வைத்து முதலில் ஒரு சுற்று முன்னே கணியுங்கள்; அந்த இடத்திலிருந்து அடுத்த சுற்றுக்கான தேர்வைச் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் முறுக்குவிசை தாறுமாறாக அலையும், நீங்களோ ஸ்டேட்டர் அளவுகளில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். சிமுலேஷனில் கணக்குப் போட நேரமே ஆகாது என்பதால் இந்தக் குறை அங்கே தெரியாது.

4. சிமுலேஷன் அழகாக வந்தால் நம்பிவிடாதீர்கள். அங்கே மோட்டாருக்கும் கணிப்புக்கும் ஒரே எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள். சரியாக வராமல் என்ன செய்யும்? மோட்டார் பக்கம் மட்டும் ரோட்டார் மின்தடையை ஒன்றரை மடங்காக்கி ஓட்டுங்கள். அப்போது கிடைக்கும் படத்தை உங்கள் வழிகாட்டியிடம் முதலில் காட்டுங்கள்.

5. முறுக்குவிசைக்கும் பாயத்துக்கும் அலகே வேறு. இரண்டையும் கூட்ட ஓர் எடை வேண்டும். 2.2 கிலோவாட், 1440 சுற்று மோட்டார் என்றால் முறுக்குவிசை சுமார் 14.6 நியூட்டன் மீட்டர். 415 வோல்ட்டில் ஸ்டார் இணைப்பில் ஓடும்போது பாயம் சுமார் 1 வெபர். இரண்டின் விகிதத்தில் தொடங்கி, கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

6. பழைய முறைகளை மதியுங்கள். 1970களின் தொடக்கத்தில் பிளாஷ்கே வகுத்த ஃபீல்டு ஓரியன்டட் கன்ட்ரோல் இன்றும் தொழிற்சாலைகளில் திடமாக ஓடுகிறது. 1986இல் தகஹாஷியும் நொகுச்சியும் நேரடி முறுக்குவிசைக் கட்டுப்பாட்டைக் கொடுத்தார்கள். உங்கள் முறை மேல் என்று எழுதுவதற்கு முன், அதே மோட்டாரில், அதே சராசரி ஸ்விட்சிங் அதிர்வெண்ணில் மூன்றையும் ஓட்டுங்கள். அதிர்வெண்ணைச் சமமாக வைக்காத ஒப்பீடு நேர்மையானது அல்ல.

7. அதிமின்னோட்டத் தடுப்பைப் புரோகிராமிடம் மட்டும் விடாதீர்கள். தனி சர்க்யூட்டாக வையுங்கள். 415 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் டி.சி. பக்கம் 580 வோல்ட்டைத் தாண்டும். மெயினை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் அது நிற்கும். எவ்வளவு அவசரமானாலும், மீட்டர் வைத்து அளந்து, இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.