ஓடையின் நலம் அறிதல்

தெளிந்த நீர் தூய நீர் என்பது நம்மில் பலருடைய கருத்து. அது முழு உண்மையன்று என்பதை யாம் ஒரு மாணவியிடம் கற்றோம்.

1984-ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சி மாணவியரை ஜவ்வாது மலையடிவாரத்து ஓடை ஒன்றிற்கு அழைத்துச் சென்றிருந்தோம். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம் போல் நீர் தெளிந்து ஓடியது. நாற்றமில்லை, நுரையில்லை. "இவ்வோடை நலமுடையது" என்றோம். அனைவரும் ஏட்டில் எழுதிக்கொண்டனர். ஒருத்தி மட்டும், "அம்மா, பத்துக் கற்களைப் புரட்டிப் பார்த்தேன், ஓர் உயிர்கூட இல்லையே" என்றாள். "நீரின் தூய்மைக்கு அதுவே சான்று" என விடையிறுத்து, அவள் ஏட்டில் மதிப்பெண்ணையும் குறைத்தோம்.

திரும்பும் வழியில் ஓடையின் மேற்புறம் நடந்தோம். வயல் ஒன்றைக் கடந்ததும் அவள் மீண்டும் கல்லைப் புரட்டினாள். அங்கே ஒவ்வொரு கல்லின் அடியிலும் சிற்றுயிர்கள் ஊர்ந்தன. மூன்று நாட்களுக்கு முன் பூச்சிமருந்து தெளிப்பானை அத்துறையில் கழுவியதாக வயலுக்குரியவர் கூறினார். நஞ்சு ஓடிப் போய்விட்டது. அது செய்த அழிவு மட்டும் கற்களின் அடியில் எஞ்சியிருந்தது.

இதிலிருந்து பெறும் பாடம் யாது? நீரைச் சோதித்தால் அந்நேரத்து நிலையை அறியலாம். ஆனால், கல்லடியில் பல மாதங்கள் வாழும் உயிர்களைப் பார்த்தால் அம்மாதங்களின் வரலாற்றையே அறியலாம். இரண்டும் வேண்டும்.

செய்முறை

1. ஐயத்திற்குரிய வயல், சாக்கடை அல்லது துவைக்கும் துறைக்கு மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் தேர்க. கற்களும் நீரோட்டமும் நிழலும் இரண்டிடத்தும் ஒத்திருத்தல் வேண்டும். வெள்ளம் வடிந்து சில வாரங்கள் சென்றபின் செல்க.

2. கீழிடத்தை முதலில் ஆய்க. மேலிடத்தைக் கலக்கினால் கலங்கல் கீழே வந்து சேரும்.

3. கரையை நோக்குக. மரநிழல் நீரைக் குளிர்விக்கிறது. உதிரும் இலை சிற்றுயிர்களுக்கு உணவாகிறது. வண்டல் படிந்து கற்களின் இடுக்குகள் அடைபட்டால் அவை வாழ இடமிராது.

4. ஒவ்வோரிடத்தும் பத்துக் கற்களை மெல்ல எடுத்து, ஓடைநீர் நிரப்பிய வெள்ளைத் தட்டின் மேல் பிடித்து, மென்தூரிகையால் தடவுக. எத்தனை வகை, ஒவ்வொன்றிலும் எத்தனை எனக் குறிக்க. எவ்வுயிருக்கும் ஊறு நேராமல் உடனே நீரில் விடுக. கல்லையும் இருந்தவாறே வைக்க.

உயிர்கள் கூறும் செய்தி

மாசு பொறாதவற்றுள் முதன்மையானது கல் ஈயின் இளம்பருவம். இதற்கு வால் இரண்டு. தட்டையான உடலும், வயிற்றின் இருபுறமும் அசையும் செவுள்களும், பெரும்பாலும் மூன்று வால்களும் உடைய மே ஈ வகையும் இத்தகையதே. மணலையும் இலைத்துணுக்கையும் பட்டிழையால் ஒட்டிக் கூடமைக்கும் புழுக்கள் பலவும் இவ்வினத்தைச் சேரும். மாசு பொறுப்பவை இரத்தப்புழுவும் சேற்றுப்புழுவும். உயிர்வளியைப் பற்றும் செந்நிறப் பொருள் இவற்றின் உடலில் இருப்பதால், உயிர்வளி குறைந்த நீரிலும் இவை வாழ்கின்றன.

பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் இதற்கென ஒரு மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. அதில் கல் ஈக்கு 10, தட்டானின் இளம்பருவத்திற்கு 8, இரத்தப்புழுவிற்கு 2, சேற்றுப்புழுவிற்கு 1 என அமையும். மதிப்பெண்களைக் கூட்டி, கண்ட குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இம்முறையைத் தழுவி நீரின் தரத்தை மதிப்பிடுகிறது.

சராசரியை மட்டும் நம்புதல் போதாது. கழிவுநீர் கலந்தால் வகைகள் குறையும். ஆனால் செம்புழுக்கள் பெருகும். நஞ்சு கலந்தால் வகையும் குறையும், எண்ணிக்கையும் குறையும். யாம் கண்டது இரண்டாம் நிலை; அன்று அதைத் தூய்மை என்று தவறாகக் கொண்டோம். மேலும், கோடையில் வற்றும் ஓடையில் கல் ஈயை எதிர்பார்த்தல் முறையன்று. ஓர் ஓடையை அதன் மேற்பகுதியோடும், அதன் சென்ற ஆண்டோடும் ஒப்பிடுவதே நேர்மை.

கருவி கிடைத்தால் கரைந்த உயிர்வளியையும் அளக்கலாம். 25 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் உயிர்வளியையே ஏற்கும். 30 பாகையில் 7.6 மட்டுமே. குளிப்பதற்குரிய நீரில் 5-க்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது வாரியத்தின் அளவை. விடியற்காலையில் அளப்பது சிறந்தது. பாசி மிகுந்த நீரில் பகலில் அளவு கூடித் தோன்றும்.

மறுநாளே அம்மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தி, வகுப்பில் எம் பிழையையும் கூறினோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கற்களைப் புரட்டியபோது சிற்றுயிர்கள் மீண்டிருந்தன. மேற்பகுதி அழியாதிருந்தமையால் நீரோட்டமே அவற்றைக் கொணர்ந்து சேர்த்தது. மேற்பகுதியும் அழிந்திருந்தால் அவை எங்கிருந்து வரும்?

பயிற்சி

1. கீழிடத்தை முதலில் ஆய்வது ஏன்?

2. கல் ஈ, தட்டான், இரத்தப்புழு, சேற்றுப்புழு ஆகிய நான்கும் கிடைத்தால் சராசரி யாது? (விடை: 5.25)

3. நும் ஊர் ஓடையில் பிள்ளைகளுடன் பத்துக் கற்களைப் புரட்டிப் பார்த்து, நாளும் இடமும் குறித்து வைக்க. அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் சென்று ஒப்பிடுக.